பழகிய உடம்பும் வேகும்

மார்ச் பிற்பாதியில் தொடங்கிவிடும் இந்தப் பேச்சு. "நமக்கு வெயில் என்ன புதுசா?" டீக்கடையில் கேட்கலாம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி வாயிலிருந்து கேட்கலாம், வெப்ப அலை எச்சரிக்கை டிவியில் ஓடும்போது மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமிருந்தும் கேட்கலாம். கூடவே உபரியாகச் சில வரிகள் வரும். லண்டன்காரன் முப்பது டிகிரிக்கே சுருண்டு விழுவான், நாம் சித்திரை வெயிலில் தேர் இழுக்கிற ஆட்கள். அந்தக் காலத்தில் ஏசியா இருந்தது, யார் செத்தார்கள்? நுங்கும் மோரும் கிடைக்கிற ஊரில் வெப்ப அலையாவது ஒன்றாவது!

இதில் பாதி பெருமை, பாதி கைகழுவல். பெருமையால் யாருக்கும் நஷ்டமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். கைகழுவல்தான் ஆபத்து. வெயில் பழகிப்போன விஷயம் என்று ஒப்புக்கொண்டால், பிறகு யாரும் யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் நிழல் தர வேண்டாம், கடை முதலாளி நாற்காலி போட வேண்டாம், நகராட்சி கழிப்பறை கட்ட வேண்டாம். விழுந்தவன் உடம்பில் தெம்பில்லாதவன், அவ்வளவுதான். இந்த வாதம் எந்த இடத்திலெல்லாம் உடைகிறது என்று பார்த்துவிடலாம்.

உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது உண்மை. ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து வெயிலில் உழைத்தால் வேர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், நிறையச் சுரக்கும், அதில் உப்பு குறையும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். அதே வேலைக்கு இதயம் கொஞ்சம் நிதானமாக அடிக்கும். ஆனால் இது பிறந்த ஊரால் வருவதல்ல, பரம்பரைச் சொத்தும் அல்ல. அந்தந்தப் பருவத்தில், அந்தந்த வேலையில் உடம்பு சம்பாதிக்க வேண்டியது. சில வாரம் வெயிலில் இறங்காமல் இருந்தால் கரைந்துபோகும். காய்ச்சலில் படுத்து எழுந்தவர், குளிர் அறையில் வேலை பார்த்துவிட்டு வெளி வேலைக்கு மாறியவர், ரயிலிலிருந்து இறங்கிய மறுநாளே சென்டிரிங் பலகை தூக்கும் பீகார்ப் பையன், இவர்கள் எல்லோரும் பழகாத உடம்புக்காரர்கள்தான், எந்த மண்ணில் பிறந்திருந்தாலும். வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த முதல் சில நாட்களில் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. அதனால்தான் புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுவது என்று அங்கே பரிந்துரை இருக்கிறது. நம்மூரில் புது ஆள் என்றால் முதல் நாளே முழுச் சுமை. தாங்குகிறானா என்று பார்ப்பதுதான் இங்கே தேர்வு.

இன்னொன்றையும் பெருமைக்காரர்கள் கவனிப்பதில்லை. பழகிய உடம்பு அதிகமாக வேர்க்கும். அப்படியென்றால் அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும், உட்கார்ந்து குடிக்க நேரமும் வேண்டும். "அவனுக்குப் பழக்கம்" என்று சொல்லித் தண்ணீர் இடைவேளையைக் குறைப்பது தலைகீழ்க் கணக்கு.

அடுத்தது புழுக்கம். மனித உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வேர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். கவனியுங்கள், ஆவியானால். சொட்டிக் கீழே விழுந்த வேர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை வழியும், ஆவியாகாது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். இதை அளக்க எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப்பட வைத்துப் பார்ப்பது. அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 35 டிகிரி ஈரக்குமிழ்தான் மனிதன் தாங்கும் எல்லை என்று 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டது. 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்தே சோதித்தபோது எல்லை 31க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அந்த இளைஞர்கள் செங்கல் சுமக்கவில்லை, மெதுவான வேலைதான் செய்தார்கள்.

இப்போது நம் பத்திரிகைகளின் கோடைச் செய்தியைப் பாருங்கள். "ஐந்து ஊர்களில் சதமடித்த வெயில்." நூறு பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியல், வேலூர் முதலிடம், கரூர் பரமத்தி அடுத்து என்று கிரிக்கெட் ஸ்கோர் போல. உள்நாட்டு ஊர் ஒன்றில் 42 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று வையுங்கள். ஈரக்குமிழ் 24 அளவில் நிற்கும். கடலோர ஊரில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 30. முதல் ஊர் 107 பாரன்ஹீட்டோடு தலைப்புச் செய்தியாகும். இரண்டாவது ஊர் 97ஐக்கூடத் தொடாததால் பட்டியலிலேயே இருக்காது. வறண்ட 42 சாதாரணம் என்று சொல்லவில்லை. வெயிலில் நேரே நிற்பவனுக்கு அதுவும் எமன்தான். ஆனால் தூத்துக்குடிக்காரரும் நாகப்பட்டினத்துக்காரரும் வடசென்னைக்காரரும் படும் பாடு இந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. வானிலைத் துறையின் வெப்ப அலை அறிவிப்புக்கும் அடிப்படை வெப்பமானி காட்டும் உச்ச வெப்பம்தான்: சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரியாவது எட்டி, வழக்கத்தைவிட நான்கரை டிகிரி கூடியிருக்க வேண்டும். புழுங்கிச் சாகும் 36 அந்தக் கணக்கில் நுழையாது.

2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களுக்கு நடந்தது நினைவிருக்கும். லட்சக்கணக்கில் கூட்டம், தலைக்கு மேல் நிழல் இல்லை, வெளியே வர வழியில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலின் தாக்கம் என்று அரசுத் தரப்பே சொன்னது. கத்திரி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள், பெருமைக்காரர்கள் கணக்கில் பழகிய உடம்புக்காரர்கள்.

"வெள்ளைக்காரன்தான் சாவான்" என்பதற்கு வருகிறேன். 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தது உண்மை. அதைக் காட்டி நம்மைத் தட்டிக்கொடுத்துக்கொள்வதற்கு முன்னால் அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். குஜராத்துக்காரருக்கு வெயில் புதிதா? 2010 மே மாதத்தில் அங்கே வெப்பநிலை 46.8ஐத் தொட்டது. வழக்கமாக மே மாதத்தில் நிகழும் இறப்புகளைவிட 1,344 இறப்புகள் கூடுதல். பிறந்ததிலிருந்து அதே வெயிலில் வாழ்ந்தவர்கள். அந்த மாநகராட்சி "நமக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. 2013இல் நாட்டிலேயே முதல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி, குடிநீர், பிற்பாடு குடிசைக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

நிக்கரகுவாவின் சிச்சிகல்பா பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கும் போய்வரலாம். தலைமுறை தலைமுறையாக வெப்பமண்டலத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள். முப்பதுகளில் இருக்கும் ஆண்கள், சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை, சிறுநீரகம் மட்டும் போய்விடுகிறது. ஆண்கள் செத்துக்கொண்டே இருந்ததால் அங்கே ஒரு ஊருக்கு விதவைகளின் தீவு என்றே பெயர் வந்துவிட்டது. காரணங்களைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் கடும் வெயிலில், தண்ணீரும் ஓய்வும் போதாமல், நாள் கணக்கில் செய்யும் உழைப்பு அதில் முக்கியமானது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நம் உப்பளங்களிலும் இதே கேள்வியோடு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் போயிருக்கிறார்கள். உப்பளத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த அவர்களது இன்னோர் ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்கிறது. இவர்கள் பாரிஸ்காரர்கள் அல்ல. வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்க்கும் நம் பெண்கள்.

சரி, அந்தக் காலம். தாத்தா வெயிலில் உழவில்லையா? உழுதார், விடிவதற்கு முன்னால். கோழி கூவும் நேரத்தில் ஏர் பூட்டி, வெயில் ஏறுவதற்குள் மாட்டை அவிழ்த்துவிடுவார். மாடு நிற்காது என்பதும் ஒரு காரணம்; மாட்டுக்குக் கிடைத்த சலுகை கூடவே மனிதனுக்கும் கிடைத்தது. உச்சி வேளையில் வேப்பமரத்தடியில் நீராகாரம், ஒரு தூக்கம், பிறகு வெயில் சாய்ந்தபின் வேலை. வீடு ஓலைக் கூரையோ நாட்டு ஓடோ, திண்ணையில் காற்று வரும். உடம்பின் வீரத்தால் அவர்கள் வெயிலை வென்றதாகச் சொல்வது கதை. வெயில் வரும்போது ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். அப்படி ஒதுங்க முடியாத பண்ணையாட்களின் கதையைத் தாத்தா பெருமை பேசுகிறவர்கள் சொல்வதில்லை.

அந்த ஒதுங்கல் இன்று யாருக்கு இருக்கிறது? மதியம் ஒன்றரைக்கு பிரியாணி கேட்கிறோம். கொண்டு வருகிறவர் தார்ச்சாலைக்கு மேலே, ஹெல்மெட்டுக்குள்ளே வருகிறார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மொட்டைமாடி அறையில் இரவு பதினோரு மணிக்கும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். பகலில் வாங்கியதைக் கான்கிரீட் இரவில் திருப்பிக் கொடுக்கும். பகல் முழுக்க வெயிலில் உழைத்த உடம்பு தேறுவது இரவில்தான். அந்த இரவையும் பிடுங்கிவிட்டால் மறுநாள் கடனோடு தொடங்குகிறது.

"யார் செத்தார்கள்?" என்ற கேள்வியும் வலுவில்லாதது. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் 32 ஆண்டு அளவு. இன்று அறுபது எழுபது வயதில் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை, வீக்கத்துக்கு நீர் மாத்திரை என்று வாழ்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்தால் வேர்ப்பதே குறையும். நீர் மாத்திரை உடம்பின் தண்ணீரை வெளியேற்றும். மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் வேர்வையைக் கட்டுப்படுத்தும். தாத்தா காலத்து ஊரில் இப்படியொரு கூட்டமே இல்லை.

இனி மோர். மோரின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உப்பும் நீரும் சேர்ந்த அருமையான பானம். பதநீர், இளநீர், கம்மங்கூழ் எல்லாம் நல்லவை. ஆனால் ஏப்ரல் பிறந்ததும் கட்சிக்கொடியோடு தண்ணீர்ப் பந்தல் திறந்து, படம் எடுத்து, இரண்டாவது வாரம் காலி பானையை விட்டுவிட்டுப் போவது ஒரு சுகாதாரத் திட்டம் ஆகாது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரையும் அப்படித்தான்.

எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. கலவை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் சொம்பு. மதியத்தில் அந்தத் தண்ணீர் குளிக்கப் போட்ட வெந்நீர் பதத்தில் இருக்கும். பாண்டுச் சட்டியில் கலவை சுமக்கும் சித்தாள் ஒருவர், புடவைக்கு மேலே ஆண் சட்டை, தலையில் சும்மாட்டுத் துணி. வேலைக்கு நடுவே ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போவதைப் பார்த்து, குடிக்கலையாக்கா என்று கேட்டேன். "குடிச்சா போகணுமே தம்பி. எங்க போறது?" அந்த வளாகத்தில் ஆண்கள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போனால்தான். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் எங்கிருந்து வருகின்றன என்று இதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. கட்டடத் தொழிலாளருக்குக் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1996லேயே சட்டம் எழுதியாகிவிட்டது. துணிக்கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாடு தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த அக்காவிடம் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹீட் ஸ்ட்ரோக் வந்துவிட்டால் மோர் எதுவும் செய்யாது. வெயிலில் இருந்தவர் பேச்சுத் தடுமாறி, சம்பந்தமில்லாமல் உளறி, மயங்கினால் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போகும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. 108ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்டி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நின்றால் அந்த அரை மணி போய்விடும்.

நம் மக்கள் வளைகுடாவில் எப்படி வேலை செய்கிறார்கள் என்றும் கேட்பார்கள். நல்ல கேள்வி. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் மூன்று மாதம் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை தடை. அங்கே தொழிலாளர் நிலைமை சொர்க்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நாடுகளே எழுதிவைத்த விதி இது. பக்கத்தில் கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் ஆணையர் 12 முதல் 3 வரை வெயில் வேலைக்கு இடைவேளை விட்டு வேலை நேரத்தை மாற்றி ஆணை போடுகிறார். நமக்கு ஆண்டுதோறும் வருவது அதே 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்ற அறிவுரை. வராதவருக்கு அன்றைய கூலி யார் தருவது என்பது அதில் இல்லை.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்ததைப் பாராட்ட வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. ஆனால் சான்றிதழில் வெப்பம் என்று எழுதினால்தானே? வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோதான் கணக்கில் ஏறுகிறார்கள். வீட்டிலேயே இறந்த எழுபது வயதுக்காரரின் உடல் வெப்பத்தை யார் அளந்தார்கள்? கணக்கில் வராததால் சாவில்லை, சாவில்லாததால் நமக்குப் பழக்கம் என்று வட்டம் சுற்றி அதே டீக்கடைக்கு வந்து நிற்கிறது.

செய்ய வேண்டியவற்றில் பலவற்றுக்குப் புதுப் பணம்கூட வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வெயிலில் முதலில் விழக்கூடியவர்களின் பெயரும் முகவரியும் அந்தத் தன்னார்வலர்களின் நோட்டில் இருக்கிறது. எச்சரிக்கை நாட்களில் அந்த வீடுகளுக்கு ஒரு நடை போய், எங்கே படுக்கிறார், என்ன மாத்திரை, கூட யார் இருக்கிறார் என்று பார்க்கச் சொன்னால் போதும்.

வேலை நேரம் பற்றி எங்கள் தெரு மேஸ்திரியிடமும் பேசிப் பார்த்தேன். காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிக்க அவருக்கும் சம்மதம்தான். "ரெடிமிக்ஸ் வண்டியே பத்தரைக்கு மேலதான் சார் வருது" என்றார். நெரிசல் நேரத்தில் பெரிய வண்டிகளை ஊருக்குள் விடுவதில்லை. அது முடிந்து வண்டி வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, அப்போதுதான் தளம் போடும் வேலை தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமாவது அந்த வண்டிகளுக்கு விடியற்காலை நேரம் ஒதுக்கித் தருவது போக்குவரத்துப் போலீசின் ஒரு பக்க ஆணையில் முடிகிற காரியம்.